மருத்துவக் கஞ்சாவை அரசு எந்த வழியில விடணும்? அஞ்சு வழியும், நம்ம ஊர் மார்ஃபின் கதையும்

கஞ்சானு ஒரு வார்த்தை எழுதினா போதும், ரெண்டு கோஷ்டி ஓடி வந்துடும். ஒண்ணு "சாமியே குடிச்சது, மூலிகைங்க, தடை பண்ணதே வெள்ளைக்காரன் சதி"னு வரும். இன்னொண்ணு "ஸ்கூல் வாசல்ல பொட்டலம் விக்கிறான், இதுல மருத்துவம்னு வேற கடை திறக்கணுமா"னு வரும். (சதி ஆளுங்களுக்கு ஒரு தகவல்: வெள்ளைக்காரன் 1893ல ஒரு கமிஷன் போட்டு, 1,193 பேர்கிட்ட சாட்சி வாங்கி, தடை வேணாம், வரி போட்டு லைசென்ஸ் குடுத்து கட்டுப்படுத்துங்கனுதான் எழுதினான். நாடு முழுக்க இப்ப இருக்கிற தடை 1985ல நம்ம பார்லிமென்ட் போட்டது.)

இந்த ரெண்டு கோஷ்டிக்கும் நடுவுல நிக்கிறவங்கதான் எனக்கு அடிக்கடி எழுதறாங்க. எத்தனை மருந்து மாத்தியும் வலிப்பு நிக்காத குழந்தையோட அம்மா, கீமோ போட்டு சோறு இறங்காத அப்பாவை வெச்சிக்கிட்டு இருக்கிறவர், இந்த மாதிரி. அவங்களுக்கு தடை சரியா தப்பானு விவாதம் தேவையில்ல, "மருத்துவத்துக்கு விடலாம்னு எல்லாருமே சொல்றாங்க, சரி, எப்படி விடறது, எந்த நாட்டு மாடல் சரி"ங்கிறதுதான் கேள்வி. அதுக்குத்தான் இது.

## எதை வெச்சு எடை போடறது

மொதல்ல அளவுகோல். இது இல்லாம பேசினா ஆளாளுக்கு புடிச்ச நாட்டை தூக்கிக்கிட்டு சண்டைதான் வரும்.

- கிடைக்குதா: பெரிய சிட்டில ஒரே ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட இல்ல, ஒரு மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரில.
- பாட்டில்ல என்ன இருக்கு: போன மாசம் வாங்கினதும் இந்த மாசம் வாங்கினதும் ஒண்ணா.
- காசு: யார் கட்டறது, மாசா மாசம் கட்ட முடியுமா.
- கசிவு: நோயாளி பேரைச் சொல்லி எவ்வளவு வெளிய போகுது.
- பயம்: டாக்டர் எழுத பயப்படறாரா, நோயாளி பையில வெச்சிக்கிட்டு பஸ் ஏற பயப்படறாரா.

ரெண்டாவது பாயின்ட்டை நிறைய பேர் சும்மா தாண்டிப் போயிடறாங்க, அதனால ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். கஞ்சாச் செடில முக்கியமா ரெண்டு சரக்கு, ஒண்ணு டிஎச்சி, போதை ஏத்தறது, இன்னொண்ணு சிபிடி, அது போதை ஏத்தாது. ட்ராவெட் சிண்ட்ரோம் மாதிரி கடுமையான குழந்தை வலிப்புக்கு சோதனைல நிரூபிச்சு ஒத்துக்கிட்ட அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் சிபிடி, தேவைப்பட்டா 20 வரைக்கும். 20 கிலோ குழந்தைனா குறைஞ்சது 200 மில்லிகிராம். எபிடியோலெக்ஸ்னு அந்த கம்பெனி மருந்துல ஒரு மில்லில 100 மில்லிகிராம் இருக்கு, காலைல 1 மில்லி ராத்திரி 1 மில்லி, முடிஞ்சது. இப்ப ஆன்லைன்ல விக்கிற 30 மில்லி பாட்டில்ல மொத்தமா 1,000 மில்லிகிராம்னு போட்டிருந்தா, அதே குழந்தைக்கு ஒரு நாளைக்கு 6 மில்லி ஊத்தணும், பாட்டில் அஞ்சாவது நாள் காலி. ஆனா அட்டைல "தினம் 5 சொட்டு"னு இருக்கும். அந்த அஞ்சு சொட்டை குடுத்துட்டு வலிப்பு நிக்கலையேனு வேற மருந்தை நிறுத்திட்டு டோஸை ஏத்தற வீடுங்க இருக்கு, ரொம்ப ஆபத்தான வேலை அது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், எதுக்கு வேலை செய்யுதுங்கிறது. சில வகை குழந்தை வலிப்பு, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்ங்கிற நரம்பு நோய்ல வர்ற தசை இறுக்கம், கீமோ வாந்தி, இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கு. நரம்பு வலிக்கு கொஞ்சம் இருக்கு, பெருசா இல்ல. கேன்சரையே குணமாக்கும், சுகர் போயிடும்னு வர்ற ஃபார்வர்டுக்கெல்லாம் எந்த ஆதாரமும் கிடையாது. எந்த மாடலை எடுத்தாலும் இந்த பட்டியல் மாறப்போறதில்ல.

## வழி 1: மருந்துனு நிரூபிச்சா மட்டும் (பிரிட்டன்)

2018 ஜூன்ல கனடாலேர்ந்து லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்ல வந்து இறங்கின ஒரு அம்மாகிட்டேர்ந்து, அவங்க பையனோட வலிப்புக்கு வாங்கிட்டு வந்த கஞ்சா எண்ணெயை அதிகாரிங்க புடுங்கிட்டாங்க. அந்தம்மா ஒளிச்சு கொண்டு வரல, இந்தாங்க இதான் மருந்துனு தானே எடுத்துக் காட்டினாங்க. கொஞ்ச நாள்ல பையன் ஆஸ்பத்திரில, நாடே கொந்தளிக்குது, உள்துறை அமைச்சர் அவசர லைசென்ஸ் குடுத்து எண்ணெயை திருப்பித் தர வேண்டியதாப் போச்சு. அதே வருஷம் நவம்பர் 1லேர்ந்து ஸ்பெஷலிஸ்ட் டாக்டருங்க எழுதலாம்னு சட்டத்தை மாத்தினாங்க.

மாத்தினாங்களே தவிர கிடைக்கல. 2019 நவம்பர்ல மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், ரெண்டு மூணு அங்கீகார மருந்துக்கு மட்டும் தலையாட்டுச்சு, நாள்பட்ட வலிக்கு கஞ்சா எழுதாதீங்கனு சொல்லிடுச்சு. அங்கீகாரம் இல்லாத எண்ணெயை எழுதற டாக்டர், ஏதாவது ஆனா மொத்தப் பொறுப்பையும் தானே சுமக்கணும், யார் எழுதுவா? அரசு மருத்துவத்துல இலவசமா அந்த எண்ணெய் கிடைச்ச குழந்தைங்க விரல் விட்டு எண்ற அளவுதான். மத்த குடும்பங்க பிரைவேட் கிளினிக் போய் மாசா மாசம் கைக்காசு கட்டுது.

இதோட பலம் என்னன்னா டோஸ், பக்க விளைவு, மத்த மருந்தோட மோதல் எல்லாம் எழுத்துல இருக்கு. உதாரணத்துக்கு சிபிடியும் குளோபசம்ங்கிற வலிப்பு மாத்திரையும் சேர்ந்தா தூக்கம் அசாத்தியமா கூடும், வால்ப்ரோயேட்னு இன்னொரு வலிப்பு மாத்திரை கூட சேர்ந்தா லிவர் டெஸ்ட் எகிறும், இதெல்லாம் முறையா சோதனை நடந்ததாலதான் உறுதியா தெரியுது.

வெளிய தெரியாத செலவு வேற இடத்துல இருக்கு. செடிக்கு பேடன்ட் கிடையாது, அதனால பல கோடி போட்டு சோதனை பண்ண எந்த கம்பெனியும் வராது, எந்த மூலக்கூறுல லாபம் இருக்கோ அது மட்டும்தான் மருந்தாகும். எபிடியோலெக்ஸுக்கு 2018ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஓகே சொன்னப்ப அங்க விலை வருஷத்துக்கு சுமார் 32,500 டாலர். நம்ம ரூபாய்ல நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க, நான் போட்டா வயித்தெரிச்சல்தான்.

எப்ப இது நல்லது: நோயாளி குழந்தைனா. யோசிக்கவே வேணாம், குழந்தைக்கு இந்த வழி மட்டும்தான்.

## வழி 2: ஃபார்மசி வழியா, டாக்டர் சீட்டுக்கு (ஜெர்மனி)

ஜெர்மனி 2017 மார்ச்ல ஒரு சட்டம் போட்டுச்சு. கடுமையான நோய், வேற மருந்து சரிப்படல, அப்படினா எந்த டாக்டரும் கஞ்சாவையோ அதுலேர்ந்து எடுத்த சாறையோ (எக்ஸ்ட்ராக்ட்) சீட்டுல எழுதலாம், ஃபார்மசில வாங்கிக்கலாம், இன்சூரன்ஸும் தரணும். மருந்து கட்டுப்பாட்டு ஆபீஸுக்குள்ளேயே கஞ்சா ஏஜென்சினு ஒண்ணு திறந்து, டெண்டர் விட்டு மூணு கம்பெனியை வளர்க்க வெச்சு, விளைச்சலை அரசே வாங்கி ஃபார்மசிக்கு கிராம் 4.30 யூரோனு குடுத்துச்சு.

அரசு எதுக்கு வாங்கணும்னு தோணலாம். 1961 ஐநா ஒப்பந்தம் அப்படி சொல்லுது. கஞ்சா வளர்க்க அனுமதிக்கிற நாடு ஒரு அரசு ஏஜென்சி வெச்சிருக்கணும், அறுவடை முடிஞ்சு நாலு மாசத்துக்குள்ள சரக்கு அது கைக்கு வந்துடணும். இந்தியாவும் அந்த ஒப்பந்தத்துல இருக்கு, இதை ஞாபகம் வெச்சிக்கோங்க, கீழ வேணும்.

அஞ்சு அளவுகோல்லயும் ஓரளவாவது பாஸ் ஆகற மாடல் இது ஒண்ணுதான். ஒவ்வொரு டப்பாவுலயும் டிஎச்சி எவ்வளவு சிபிடி எவ்வளவுனு இருக்கும், நோயாளி கைல சீட்டு இருக்கும், போலீஸ் நிறுத்தினா காட்டலாம்.

ஆனா மறைஞ்சிருக்கிற செலவு நிறைய. ஒவ்வொரு டப்பாவையும் ஃபார்மசிக்காரர் இது அந்த சரக்குதானானு சோதிக்கணும், அதுக்கு மேல கட்டணம் போடலாம்னு விதி, அதனால ஆரம்ப வருஷங்கள்ல நோயாளி கைக்கு வர்றப்ப விலை எங்கேயோ போயிடுச்சு. இன்சூரன்ஸ் தரணும்னு சட்டம் சொன்னாலும் முன் அனுமதி கேட்ட விண்ணப்பத்துல கணிசமானதை நிராகரிச்சாங்க. இஸ்ரேல்லயும் இதே ராமாயணம்தான்: அங்க முன்னாடி எவ்வளவு வாங்கினாலும் மாசம் 370 ஷெக்கல்னு ஒரே கட்டணம், ஃபார்மசிக்கு மாத்தினதும் பாக்கெட் பாக்கெட்டா காசு, பழகின ரகமும் கிடைக்கலனு நோயாளிங்க தெருவுக்கு வந்துட்டாங்க. தரம் ஏறினா விலை ஏறும், இதை மறைச்சு எந்த அரசியல்வாதி பேசினாலும் நம்பாதீங்க.

அப்புறம் 2024 ஏப்ரல். ஜெர்மனி பெரியவங்களுக்கு பொதுவாவே கொஞ்சம் வெச்சிக்கலாம்னு விட்டப்ப, மருத்துவக் கஞ்சாவையும் போதைப்பொருள் லிஸ்ட்லேர்ந்து எடுத்து சாதா சீட்டுக்கு மாத்திடுச்சு. அவ்வளவுதான், வெப்சைட்ல நாலு கேள்விக்கு டிக் அடிச்சா முகமே பாக்காத டாக்டர் சீட்டு அனுப்பறார், கூரியர்ல பூ வருது. இறக்குமதி ஒரே வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. நோய் ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கா ஆகாது இல்ல. 2025ல அரசே முழிச்சிக்கிட்டு, நேர்ல பாக்காம சீட்டு கூடாது, கூரியர் கூடாதுனு திருத்தம் கொண்டு வர கிளம்பிடுச்சு. ஏழு வருஷம் ஒழுங்கா ஓடின மாடலை கெடுத்தது ஆன்லைன் சீட்டுங்கிற ஒரே ஒரு ஓட்டை.

எப்ப இது நல்லது: ஃபார்மசி ஒழுங்கா இருந்து, செலவுல பாதியாவது வேற யாரோ கட்டினா. நாள்பட்ட வலி, கேன்சர் வார்டு, வயசானவங்க.

## வழி 3: கார்டு, டிஸ்பென்சரி (கலிஃபோர்னியா, ஓக்லஹோமா)

1996ல கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு கொண்டு வந்தது. எய்ட்ஸ் நோயாளிங்க சாப்பிட முடியாம எலும்பா போய்க்கிட்டு இருந்த காலம், கருணையோட போட்ட சட்டம், அதுல ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா நோய் பட்டியலோட கடைசில "கஞ்சாவால நிவாரணம் கிடைக்கிற வேற எந்த நோயும்"னு ஒரு வால் சேத்துட்டாங்க. மத்திய சட்டப்படி டாக்டர் சீட்டு எழுதக் கூடாது, அதனால "இவருக்கு உதவலாம்"னு ஒரு சிபாரிசு லெட்டர் மட்டும். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எதுவும் அதுல கிடையாது. அதை எடுத்துக்கிட்டு கடைக்குப் போனா எது நல்லதுனு சொல்றது கவுண்டர்ல நிக்கிற பையன்.

ஓக்லஹோமா 2018ல இன்னும் ஒரு படி மேல, நோய் பட்டியலே கிடையாது, கடை லைசென்ஸ் 2,500 டாலர். கொஞ்ச வருஷத்துல சின்ன மாநிலத்துல ரெண்டாயிரத்துக்கு மேல கடை. 2022ல புது லைசென்ஸே கிடையாதுனு நிறுத்த வேண்டியதாப் போச்சு.

கிடைக்குதானு கேட்டா இதைவிட ஈசியா எங்கயும் கிடைக்காது, அது உண்மை. விலையும் போட்டில இறங்கும். ஆனா இன்சூரன்ஸ் பைசா தராது, பக்கத்து மாநிலத்துக்கு கொண்டு போனா குற்றம், லேபுங்க தங்களுக்கு ஆர்டர் வரணும்னு டிஎச்சி நம்பரை ஏத்திப் போடறதா அங்கேயே பெரிய புகார். முக்கியமா, 25 வருஷத்துக்கு மேல லட்சக்கணக்கான பேர் வாங்கியும் யாருக்கு எவ்வளவு குடுத்தப்ப என்ன ஆச்சுனு உருப்படியான மருத்துவப் பதிவு கிடையாது. பதிவு பண்ண வேண்டிய டாக்டர்தான் லெட்டரோட வெளிய போயிட்டாரே.

கனடா மாதிரி நோயாளியே வீட்டுல வளர்த்துக்கலாம்னு விடறதையும் இதோட சேத்துக்கலாம். ஏழைக்கு அதைவிட மலிவு இல்ல. ஆனா பாட்டில்ல என்ன இருக்குங்கிற கேள்விக்கு அங்க பதிலே இல்ல.

எப்ப இது நல்லது: மத்திய அரசு கதவை சாத்திட்டு உக்காந்திருக்கு, சாகக் கிடக்கிறவனுக்கு இன்னிக்கே வேணும்ங்கிற அவசரத்துல. ஒரு தற்காலிக வழி. அதுக்கு மேல இதை மருத்துவம்னு சொல்றது சும்மா.

## வழி 4: லிஸ்ட்லேர்ந்தே எடுத்துடறது (தாய்லாந்து)

தாய்லாந்து 2019ல மருத்துவத்துக்கு மட்டும்னு ஆரம்பிச்சது நல்ல ஆரம்பம், அரசு ஆஸ்பத்திரில கஞ்சா கிளினிக், பாரம்பரிய மருத்துவ சூத்திரங்களுக்கு அனுமதி. 2022 ஜூன் 9ல போதைப்பொருள் லிஸ்ட்லேர்ந்தே செடியை எடுத்தாங்க, அதுக்கு மாத்தா வர வேண்டிய கஞ்சா சட்டம் பார்லிமென்ட்ல நிறைவேறவே இல்ல. பழைய சட்டம் போச்சு, புது சட்டம் வரல, நடுவுல ஆயிரக்கணக்குல கடை. பாங்காக் காவ்சான் ரோட்டுல நடந்தா இட்லி கடை மாதிரி வரிசையா பச்சை இலை போர்டு. 2025 ஜூன்ல பூ வாங்க மருத்துவச் சீட்டு வேணும்னு திருப்பிக் கொண்டு வந்தாங்க, ஆனா அதுக்குள்ள திறந்த கடையை என்ன பண்றது, கடன் வாங்கி வளர்த்த விவசாயியை என்ன பண்றது?

நம்மளுக்கு இது தூரத்துக் கதை இல்ல. சென்னை ஏர்போர்ட்ல பாங்காக் ஃப்ளைட்ல வந்தவர் பெட்டில ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாம தண்ணில வளர்த்த) கஞ்சானு செய்தி வராத மாசமே இல்ல, சாக்லேட் பாக்கெட்டுக்குள்ள, உணவுப் பொட்டலத்துக்குள்ள. கசிவுனு நான் மேல சொன்னது உள்ளூர்ல மட்டும் நிக்காது, அடுத்த நாட்டு கஸ்டம்ஸ் வரைக்கும் வரும்.

எப்ப இது நல்லது: நோயாளிக்குனு பாத்தா எப்பவுமே இல்ல. வேற நோக்கத்துக்கு, அதாவது சின்ன அளவு வெச்சிருந்ததுக்கு பசங்களை ஜெயில்ல போடறதை நிறுத்தணும்னா, அது தனி விவாதம், அதை நேரா பண்ணணும். மருத்துவம்ங்கிற முகமூடி போட்டு பண்ணினா ரெண்டுமே கெட்டுப் போகுது.

## வழி 5: இப்ப நம்மகிட்ட இருக்கிறது

நிறைய பேருக்கு தெரியாது, இந்தியாவுல மருத்துவக் கஞ்சா முழுசா தடை இல்ல. 1985ல வந்த போதைப்பொருள் தடைச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்துல கஞ்சானா பூவும் காயும் இருக்கிற நுனி, அப்புறம் சரஸ், அதாவது செடியோட பிசின். நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைலேயே வராது. அதனாலதான் வடக்க பாங் (கஞ்சா இலை அரைச்சது) கடை அரசு லைசென்ஸோட நடக்குது, அதனாலதான் ஆயுர்வேத கம்பெனிங்க இலைலேர்ந்து எடுத்த எண்ணெயை விஜயானு பேர் போட்டு ஆயுஷ் லைசென்ஸ்ல விக்கறாங்க. நம்ம சித்த மருத்துவத்துலயும் கஞ்சா இலையை சுத்தி பண்ணி சேக்கற முறை உண்டு.

சட்டத்தோட 8வது பிரிவு மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் விதிவிலக்கு வெச்சிருக்கு. 10வது பிரிவு சரஸ் தவிர மத்ததை வளர்க்க, விக்க மாநில அரசே விதி போட்டு அனுமதிக்கலாம்னு சொல்லுது. "மருத்துவக் கஞ்சா"ங்கிறதுக்கு வரையறையே அதுல இருக்கு, கஞ்சாவோட எக்ஸ்ட்ராக்ட் அல்லது டிஞ்சர்னு. சட்டம் கதவை சாத்தல. விதி எழுதி திறக்கத்தான் யாரும் வரல. உத்தராகண்ட் 2018ல நாருக்கும் விதைக்கும் 0.3 சதவீதத்துக்குள்ள டிஎச்சி இருக்கிற, போதை ஏறாத கஞ்சா ரகமான ஹெம்ப்புக்கு லைசென்ஸ் குடுத்துச்சு, இமாச்சல் 2023ல கமிட்டி போட்டு அப்புறம் சோதனை சாகுபடி வரைக்கும் வந்திருக்கு, ஜம்முல சிஎஸ்ஐஆர் ஆராய்ச்சிக் கூடம் கனடா கம்பெனியோட சேர்ந்து வளர்த்து பாக்குது. தமிழ்நாட்டுல பேச்சே இல்ல, "ஆபரேஷன் கஞ்சா வேட்டை"னு போலீஸ் பேர் வெச்ச ஊர்ல எந்த அமைச்சர் கையெழுத்து போடுவார்?

பலவீனம் ரெண்டாவது அளவுகோல்ல. இலைல மருந்துச் சரக்கு கம்மி, பூவுலதான் ஜாஸ்தி, சட்டமோ இலையை மட்டும் விடுது. சில கம்பெனி லேப் ரிப்போர்ட் குடுக்குது, சிலது "விஜயா எக்ஸ்ட்ராக்ட் இத்தனை மில்லிகிராம்"னு போட்டு நிறுத்திடுது, அதுக்குள்ள டிஎச்சி எவ்வளவு சிபிடி எவ்வளவுனு வாங்கறவருக்கு தெரியாது. நியூராலஜிஸ்ட் ஒரு பக்கம் மாத்திரை குடுக்க, ஆயுர்வேத டாக்டர் வீடியோ கால்ல எண்ணெய் குடுக்க, ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. குளோபசம் விஷயம் மேல சொன்னேனே, இந்த இடைவெளிலதான் அது நடக்கும்.

எப்ப இது நல்லது: தூக்கம், லேசான வலினு வர்ற பெரியவங்களுக்கு, கூட வேற கடுமையான மருந்து எதுவும் இல்லாதப்ப. வலிப்பு, கேன்சர் மாதிரி பெரிய விஷயத்துக்கு இது போதாது.

## ஒரே பார்வைல

| | பிரிட்டன் | ஜெர்மனி | கலிஃபோர்னியா, ஓக்லஹோமா | தாய்லாந்து 2022 | இந்தியா இப்ப |
|---|---|---|---|---|---|
| கிடைக்குதா | ரொம்ப கஷ்டம் | ஓரளவு, 2024க்கு அப்புறம் ரொம்ப ஈசி | ரொம்ப ஈசி | கடைக்கு கடை | ஆன்லைன்ல, இலைச் சரக்கு மட்டும் |
| அளவு உறுதியா | ஆமா | ஆமா | லேபை பொறுத்து | இல்ல | கம்பெனியை பொறுத்து |
| காசு | அங்கீகார மருந்துனா அரசு, மத்தது கைக்காசு | இன்சூரன்ஸ் ஒத்துக்கிட்டா பிரச்சனை இல்ல | முழுக்க கைக்காசு | கைக்காசு, ஆனா மலிவு | முழுக்க கைக்காசு |
| கசிவு | கம்மி | முன்னாடி கம்மி, ஆன்லைன் சீட்டு வந்ததும் ஜாஸ்தி | ஜாஸ்தி | அளவே இல்ல | கம்மி |
| பயம் | டாக்டருக்கு | 2024க்கு முன்னாடி டாக்டருக்கு கொஞ்சம் | மாநிலம் தாண்டினா | கடைக்காரருக்கு, நாளைக்கு என்ன சட்டமோனு | எல்லாருக்கும் |

## மார்ஃபின் கதை

இந்தியா எதை எடுக்கணும்னு கேட்டா நான் ஜெர்மனி பக்கம்தான் கை காட்டுவேன், 2024க்கு முந்தின ஜெர்மனி. ஆனா அப்படியே காப்பி அடிச்சா இங்க ஓடாது, அது எனக்கு மார்ஃபின் விஷயத்தை பாத்தாலே தெரியுது.

கேன்சர் வலிக்கு மார்ஃபின் மாத்திரையைவிட அடிப்படையான மருந்து கிடையாது. அதை எடுக்கறது அபின்லேர்ந்து, அந்த அபினை சட்டப்படி வளர்க்கிற நாடு நம்மது, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல லைசென்ஸ் விவசாயிங்க, விளைச்சலை மத்திய போதைப்பொருள் பிரிவு மொத்தமா வாங்கி நீமச்சுலயும் காசிப்பூர்லயும் இருக்கிற அரசு தொழிற்சாலைக்கு அனுப்பும், வெளிநாட்டுக்கும் போகும். அப்படிப்பட்ட நாட்டுல 1985 சட்டம் வந்தப்புறம் மார்ஃபின் உபயோகம் 1997க்குள்ள தொண்ணூறு சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. சட்டம் மருத்துவத்துக்கு தடை போடவே இல்ல. வெச்சிருக்க ஒரு லைசென்ஸ், கொண்டு வர ஒண்ணு, மாநிலம் தாண்ட ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆபீஸ்ல, கடைசி லைசென்ஸ் கைக்கு வர்றப்ப முதல் லைசென்ஸ் காலாவதி. கணக்குல சின்ன பிசகுனா பத்து வருஷ ஜெயில்ங்கிற பயம். ஆஸ்பத்திரிங்க வாங்கறதையே விட்டுட்டாங்க. வார்டுல வலி தாங்காம கத்தற சத்தத்துக்கு காரணம் மருந்து இல்லாதது இல்ல, ரிஜிஸ்டர்.

கேரளால வலி நிவாரண மருத்துவம் பாக்கற டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, 2014ல சட்டத்தை திருத்தினாங்க. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்து "அத்தியாவசிய போதை மருந்து". மாநில மருந்து கட்டுப்பாட்டு அதிகாரி ஒருத்தர் மட்டும் அனுமதி குடுத்தா போதும். வலி நிவாரணத்துல பயிற்சி எடுத்த ஒரு டாக்டராவது இருக்கிற ஆஸ்பத்திரி அங்கீகாரம் வாங்கிக்கலாம், நாடு முழுக்க ஒரே விதி. இன்னும் எல்லா ஊர்லயும் போய்ச் சேரல, ஆனா வழி இருக்கு.

கஞ்சா மருந்துக்கு இதே தண்டவாளத்துல ரயிலை விட்டா போதும், புதுசா போட வேணாம். என் கணக்குல இப்படி:

வளர்ப்பு, அபினுக்கு மாதிரியே, விரல் விட்டு எண்ற லைசென்ஸ், அரசு கொள்முதல். ஐநா ஒப்பந்தம் கேக்கறதும் அதுதான். சரக்கு, அளவு எழுதின எண்ணெயும் கேப்சூலும் மட்டும், புகைக்கிற பூ கிடையாது (இதுக்கு என்னைத் திட்டுவீங்க, பரவால்ல, நுரையீரலுக்குள்ள புகை விட்டு டோஸ் அளக்க முடியாது). குடுக்கறது மார்ஃபினுக்கு அங்கீகாரம் வாங்கின அதே ஆஸ்பத்திரிங்க. முதல் சீட்டு நியூராலஜி, ஆன்காலஜி (கேன்சர்), பாலியேட்டிவ் (வலி நிவாரண) டாக்டர், அதுக்கப்புறம் மாசா மாசம் புதுப்பிக்கறது மாவட்ட ஆஸ்பத்திரில எந்த டாக்டரா இருந்தாலும் சரி, இல்லனா விருதுநகர்லேர்ந்து மாசம் ஒருதரம் குழந்தையை தூக்கிக்கிட்டு சென்னை வரணும். வீடியோ கால் சீட்டு கிடையாது, 2020 டெலிமெடிசின் விதில என்டிபிஎஸ் மருந்தை அலோபதி டாக்டர் ஆன்லைன்ல எழுதக் கூடாதுனு ஏற்கனவே இருக்கு, அதை கஞ்சாவுக்கு மட்டும் தளர்த்தினா ஜெர்மனி கதைதான். ஆயுஷ் எண்ணெய் ஓடட்டும், ஆனா டிஎச்சி, சிபிடி ரெண்டோட அளவும் லேபிள்ல கட்டாயம்.

இதுல யார் தோத்துப் போவாங்கனும் சொல்லணும். நாள்பட்ட முதுகுவலி, மனப்பதட்டம்னு வர்றவங்க இந்த வரிசைல பின்னாடிதான் நிப்பாங்க, ஆஸ்பத்திரி இல்லாத ஊர்ல இருக்கிறவருக்கு அலைச்சல் குறையாது, விலையை அரசு கட்டுப்படுத்தலனா இதுவும் பணக்காரன் மருந்தாயிடும். கலிஃபோர்னியா மாடல் ஆளுங்க இதைத்தான் சொல்லி அடிப்பாங்க, அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. நோயாளி முதல்ல, ஒழுங்கு அப்புறம்னு நினைக்கிறவங்களுக்கு அவங்க வழி சரி. எனக்கு, ஒரு ஊழல் வந்தா மொத்தத்தையும் இழுத்து மூடிட்டு இன்னொரு முப்பது வருஷம் திறக்காம வெச்சிடுவாங்கங்கிற பயம்தான் பெருசா தெரியுது.

இதெல்லாம் நடக்கற வரைக்கும் வீட்டுல நோயாளி வெச்சிருக்கிறவங்க விஜயா எண்ணெய் வாங்கினா, லேப் ரிப்போர்ட் கேளுங்க, தரலனா வாங்காதீங்க, பில்லையும் டாக்டர் சீட்டையும் பாட்டில் கூடவே வெச்சிக்கோங்க, ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கிற வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, அடுத்த தடவை நியூராலஜிஸ்ட்கிட்ட போறப்ப அந்த பாட்டிலை மறைக்காம மேஜை மேல வெச்சு லிவர் டெஸ்ட் எடுக்கணுமானு கேளுங்க. திட்டினாலும் திட்டட்டும்.